வெந்தய டப்பாவில் தூங்கியது

நாற்பத்து நாலு என்று சுவரிலிருந்த பெட்டி காட்டியது. அவர்களுடைய டோக்கன் அறுபத்தொன்று. இடையில் பதினாறு பேர், இந்தப் பதினாறு பேரும் இப்படியே செத்துப்போனால் உடனே உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள் என்று கலியபெருமாளுக்குத் தோன்றியது, தோன்றிய வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான், கடித்த பிறகு யோசித்தால் உள்ளே போக அப்படி என்ன அவசரம், பதினாறு அறுபதானால்கூட நல்லதுதான், கூப்பிடாமலே இருந்தால் இன்னும் நல்லது. கண் எரிந்தது. பத்தொன்பது வருஷமாக ராத்திரி வேலை பார்த்தவனுக்குப் பகல் பதினோரு மணி என்பது ஊராரின் நடுச்சாமம், இந்நேரம் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்திருப்பான், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் கனவுக்குள் வேறு ஏதோவாக மாறி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே மிக்ஸி இல்லை, பினாயில் வாசமும் யாரோ பாலித்தீன் பைக்குள் வாந்தியெடுக்கும் சத்தமும் மட்டும், அதற்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வளர்மதியும் பார்க்கவில்லை, அவள் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, "என்னண்ணே, தூக்கமா? உள்ள கூப்புடறதுக்குள்ள தூங்கி விழுந்து வைக்காத. அப்புறம் டாக்டரம்மா இவன் ரத்தமே சோம்பேறி ரத்தம், வேணாம்னுடப் போறாங்க" என்றாள். தங்கைக்கு முப்பத்தொன்பது வயசு. கட்டிக்கொண்டவன் மூன்றாம் வருஷமே இன்னொருத்தியோடு போய்விட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள், வந்த நாளிலிருந்து அடுப்படியையும் அவன் கல்யாணத்தைப் பற்றிய பேச்சையும் தன் கைக்குள் எடுத்துக்கொண்டவள். அடுப்படி நடந்தது, கல்யாணம் நடக்கவில்லை. இப்போது அவள் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் கெட்டுப்போயிருக்கிறது. ரத்தப் புற்று. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், போனது, திரும்பி வந்தது. இனி ஒரே வழி, கூடப்பிறந்தவனின் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவளுக்கு ஏற்றுவது. ஒப்பிட்டுப் பார்த்ததில் பத்துக்குப் பத்தும் பொருந்திவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவன் பத்துக்குப் பத்து வாங்கியதே இல்லை. அன்றைக்கு வளர்மதி சிரித்த சிரிப்பு, "ஆட்டு நல்லியை உறிஞ்சற மாதிரி உன்னை உறிஞ்சிடறேன் பாரு", சிரித்த வாயில் ஈறெல்லாம் ரத்தம்.

மடியில் ஃபைல். ஃபைலுக்குள் அந்தக் காகிதம். போன வாரம் டாக்டரம்மா எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடி எப்போதாவது, என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டபோது சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொதிகலன் குழாய்களில் வெல்டிங் வைத்த இணைப்புகளை ரேடியேஷன் வைத்துப் படம் எடுக்கிற வேலை, எலும்பைப் படம் எடுப்பதுபோல இரும்பைப் படம் எடுப்பது. பகலில் பட்டறையில் ஆள் நடமாட்டம் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதால் ராத்திரியில்தான் எடுப்பார்கள். டாக்டரம்மாவின் பேனா நின்றது. அந்தப் பேனா நின்றதைத்தான் ஒரு வாரமாக அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், சோற்றில், சுவரில், பஸ் கண்ணாடியில். "பேட்ஜ் குடுத்திருப்பாங்களே, அதோட ரெக்கார்டு கொண்டு வாங்க. அளவுக்குள்ள இருந்தா தேதி குறிச்சிடலாம். இல்லேன்னா உங்க குரோமோசோமை எல்லாம் எண்ணிப் பார்க்கணும், அதுக்கு நாளாகும், அதுக்கப்புறமும் வேணாம்னு சொல்ல வேண்டி வரலாம்." அவ்வளவு நாள் இவளுக்கு இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்கு டாக்டரம்மா பதிலும் சொன்னார், "இவங்களுக்கு நாள் இல்ல" என்று, வளர்மதி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, மழை வரும்போலிருக்கு என்பதுபோல.

ரெக்கார்டு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பத்தொன்பது வருஷம், எழுபத்தாறு தடவை பேட்ஜை அனுப்பி வாசித்த அளவுகள், எழுபத்தாறும் பச்சைக் குழந்தையின் உடம்புபோலச் சுத்தம். ஏன் சுத்தமாக இருக்காது. பேட்ஜ் என்பது சட்டைப் பையில் குத்திக்கொள்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை, உடம்பு எவ்வளவு வாங்கியதோ அதையே தானும் வாங்கிக்கொண்டு பிறகு போய்ச் சாட்சி சொல்வது. அளவு மீறிவிட்டது என்று அது சொல்லிவிட்டால் ஆளைக் கதிர் வீசுகிற சோர்ஸ் பக்கமே விடமாட்டார்கள், வாசலில் உட்காரவைத்துவிடுவார்கள். சேர்ந்த முதல் வாரமே பட்டறையில் மூத்தவரான அருள்ராஜ் அண்ணன் அவன் நெஞ்சிலிருந்து அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டினார். "ஏலே, இது பச்சப்புள்ள. இதைப் போயி ராத்திரி வேலைக்குக் கூட்டிட்டு வரலாமா? தூங்கப் போட்டுட்டு வாடா." அதிலிருந்து அந்தப் பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், பேட்ஜ் தூங்குதா, தூங்குதுண்ணே. சிலர் டிபன் கேரியரில் தூங்கப் போட்டார்கள், சிலர் பைக் டூல் பாக்ஸில். இவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவான், வளர்மதி அதை வெந்தய டப்பாவுக்குள் போட்டு மூடி வைப்பாள். வேறெங்கே வைத்தாலும் பல்லி மேலே ஏறுகிறது என்பாள். மூன்று மாதம் கழித்து எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் சேஃப்டி ஆபீசர் மூக்கில் வைத்துப் பார்த்து, "என்னய்யா, உன் ஒருத்தன் பேட்ஜ் மட்டும் வெந்தயக் குழம்பு வாசம் அடிக்குது?" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள், ஆபீசரும் சிரிப்பார். எழுபத்தாறு தடவை. ஆக இந்தக் காகிதத்தில் இருப்பது அவன் உடம்பு அல்ல. இது அடுப்படி. இது அவள் நின்ற இடம், அவள் மேல் பட்டது, அவள் மேல் படாதது. கலியபெருமாள் என்று பெயர் போட்டு வளர்மதியின் உடம்பை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சுத்தமான உடம்புக்குத்தான் புற்று வந்திருக்கிறது. கதிரில் குளித்தவன் இங்கே திடகாத்திரமாக உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான். வியாதி தெரிந்த அன்றைக்கு அவளே சொன்னாள், அழாமல், காய் நறுக்கிக்கொண்டே, "எமன் நம்ம வீட்டுக் கதவைத்தாண்ணே தட்டியிருக்கான், ஆளைத்தான் மாத்திப் புடிச்சிட்டான்." அவள் கத்தியின் கீழ் கத்தரிக்காய் கறுத்துக்கொண்டிருந்தது. கோபமா, கேலியா, இன்றுவரை தெரியவில்லை.

ஐம்பது. ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள், அவர் தன் செருப்பு ஒன்று உள்ளேயே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார், யாரும் காதில் வாங்கவில்லை. கலியபெருமாள் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். பழக்கம். ஆறு வருஷம் ஆகிறது, அந்த நகம் ஒழுங்காக முளைத்ததே இல்லை, தேங்காய்ச் சிரட்டைத் துண்டுபோலத் தடித்து, நடுவில் பிளந்து. மழைக்காலம் அது. கேமரா என்பார்களே தவிர அது ஒரு கனத்த இரும்புப் பெட்டி, உள்ளே கம்பி நுனியில் அரிசி அளவு சோர்ஸ், கைப்பிடியைச் சுற்றினால் குழாய் வழியே வெளியே போய் இணைப்பருகே நிற்கும், திருப்பிச் சுற்றினால் பெட்டிக்குள் திரும்பிவிடும். அன்றைக்குத் திரும்பவில்லை. திரும்பிவிட்டது என்று நினைத்துப் போய்க் குழாய் நுனியை வலது கையால் பிடித்து அடுத்த இணைப்புக்கு மாற்றினான். கதிர் இருந்தால் கத்த வேண்டிய மீட்டரில் பாட்டரி இல்லை, அது கத்திக் கத்தித் தலைவலிக்கிறது என்று அவன்தான் முந்தாநாள் கழற்றியிருந்தான். எத்தனை நொடி பிடித்திருப்பான்? எண்ணிப் பார்த்தால் ஏழு. சில நாள் எண்ணினால் இருபது. சோர்ஸ் உள்ளே வந்தால் விழுகிற கேமராவின் பூட்டு விழவில்லை என்பதைப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை, சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, தவளைச் சத்தம் மட்டும். விடிகாலை வீட்டுக்கு வந்து வாந்தி. "கண்ட கடை பிரியாணியைத் தின்னா?" என்று திட்டிக்கொண்டே ரசம் வைத்தாள். பிரியாணிதான் என்று அவனும் சொன்னான். ரசத்துக்குப் பெருங்காயம் எடுக்க அவள் கை போன அலமாரியில், பக்கத்து டப்பாவுக்குள், வெந்தயத்துக்கு நடுவில் பேட்ஜ் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தான். பத்தாவதோடு நின்ற படிப்பு. நடைபாதைக் கடையில் எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்கள், போனில் எழுத்துக்கூட்டி வாசித்தவை, ஒரு ஷாட் முடியக் காத்திருக்கும் நேரங்களில் டார்ச் வெளிச்சத்தில். புரியாததைப் பத்து தடவை படித்தால் புரிந்துவிடும், புரியாவிட்டாலும் பயம் பழகிவிடும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் மாதிரி இரண்டு இழை முறுக்கிக் கிடக்கிறது, கதிர் பட்டால் அறுகிறது. கதிர் படாமலேகூட அறுகிறது, மூச்சு விட்டால் அறுகிறது, வெயிலில் நடந்தால் அறுகிறது, ஒரு நாளைக்கு ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் சேதம். அறுந்ததும் ஒரு காவல்காரன் ஓடி வருகிறான். அவனுக்கு ஒழுங்கான பெயர்கூட இல்லை, பி ஐம்பத்துமூன்று, ஜெயில் கைதிக்குக் கொடுத்த நம்பர்போல. அவன் வந்து முதலில் வேலையை நிறுத்தச் சொல்கிறான், செல் இரண்டாகப் பிரியக் கூடாது, நில். பிறகு ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுகிறான். இதைப் படித்த அன்று கலியபெருமாள் உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டான், அட, இது நம்ம பட்டறைடா. படத்தில் விரிசல் தெரிந்தால் அந்த இணைப்பில் சாக்பீஸால் வட்டம், அதைத் தாண்டி வேலை நகரக் கூடாது, அரைத்து எடுத்து மறுபடி வெல்டிங், மறுபடி படம். மறுபடியும் விரிசலா, மறுபடி. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் 'கட்' என்று எழுதிவிடுவார்கள், குழாயின் இரண்டு பக்கமும் அறுத்து அந்தத் துண்டையே எறிந்துவிட வேண்டியது. செல்லும் அதைத்தான் செய்கிறது. தேறாது என்று காவல்காரன் முடிவு கட்டினால், நீ செத்துப்போ என்கிறான், அதுவும் மறுபேச்சில்லாமல் தன்னைத்தானே துண்டு துண்டாக்கிக்கொண்டு செத்துப்போகிறது, பக்கத்துச் செல்கள் அதைத் தின்று இடத்தைத் துடைத்துவைக்கின்றன. எவ்வளவு மரியாதையான சாவு. மனுஷனுக்கு அப்படி ஒரு சாவு கிடையாது. காவல்காரனே அறுபட்டுப்போனால்? அந்தப் பக்கத்தை மட்டும் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் யோசித்தான். விரிசல் விழுந்த செல் நிற்காது, பிரியும், பிரிந்ததும் பிரியும், ஒவ்வொன்றும் விரிசலோடு. பட்டறையில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. தேறாத இணைப்பை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை என்றால், அருள்ராஜ் அண்ணன் பக்கத்திலிருக்கிற நல்ல இணைப்பையே இரண்டு தடவை படம் எடுப்பார், இரண்டாவது படத்தில் கெட்டதின் நம்பரை வைத்துவிடுவார். காகிதத்தில் இரண்டும் சுத்தம். எங்கோ ஓர் ஊரில் அந்தக் குழாய் நீராவியோடு நிற்கும், யாரோ அதன் பக்கத்தில் டீ குடிப்பார்கள்.

நல்லதைப் படம் எடுத்துக் கெட்டதின் நம்பர். ஃபைல் வியர்வையில் கையோடு ஒட்டியது. இன்னொன்றும் படித்திருக்கிறான், படிக்காமலிருந்திருக்கலாம். இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோனால் அவசரத்தில் கிடைத்த முனையைக் கிடைத்த முனையோடு ஒட்டிவிடுவது ஒரு வகை ரிப்பேர், அதில் எழுத்து விட்டுப்போகும். இன்னொரு வகை சுத்தமானது, பிரிவதற்காகத் தயார் செய்து வைத்த நகல் பக்கத்திலேயே இருந்தால் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்துத் திருத்திக்கொள்வது. அந்த நகலுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சகோதரி. சகோதரி இழை. அறுந்தவன் சகோதரியைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். நான் எழுதிக்கொண்டேன், எழுபத்தாறு தடவை எழுதிக்கொண்டேன், என்று நினைத்தான், இப்போது அவள் என்னைப் பார்த்து எழுதிக்கொள்ளப் போகிறாள், என்னிடம் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும். கொடுத்தவரின் செல்லே போன இடத்தில் புற்றாக மாறுவது உண்டு, அபூர்வம், ஆனால் உண்டு, அதையும் போனில் வாசித்தான். முதலில் இவளுக்குள் இருப்பதையெல்லாம் கொல்வார்கள். அதற்கும் கதிர்தான். முழு உடம்புக்கும், மூன்று நாள், அவன் பத்தொன்பது வருஷத்தில் வாங்கியதைவிட அதிகமாக இருக்கும், எல்லாச் செல்லின் நூலையும் அறுத்து, செத்துப்போ, செத்துப்போ என்று. அப்புறம் அந்த வெறும் வீட்டில் இவனுடையதைக் குடிவைப்பார்கள். "எனக்குள்ள என்ன இருக்குதோ தெரியல வளரு, நான் சொல்லிடறேன்" என்று காலையில் லாட்ஜில் சொல்லிப்பார்த்தான். அவள் கண்ணாடி முன்னால் இல்லாத முடிக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். "என்னன்னு சொல்லுவ? பேட்ஜைப் போடலேன்னா? அப்புறம் உன்னைப் பரிசோதிக்கிறேன்னு ரெண்டு மாசம் இழுப்பாங்க. ரெண்டு மாசம் நான் என்ன பண்றது, ஊறுகாய் போட்டுட்டு இருக்கவா? இங்க பாரு. எனக்குள்ள இருக்கறது நிச்சயம். உனக்குள்ள இருக்கறது சந்தேகம். நிச்சயத்துக்குச் சந்தேகம் தேவல. கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்." முடிச்சை இறுக்கிவிட்டுக் கண்ணாடியிலேயே அவனைப் பார்த்தாள். "இல்ல, உனக்குப் பயமா? உன்னைத் தோண்டிப் பாத்துடுவாங்கன்னு?"

அங்கேதான் முள் குத்தி நின்றது. சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறபோதெல்லாம் அது தங்கைக்காக என்று தோன்றும், அவள் உடம்பில் விரிசலை ஏற்றிவிடக் கூடாதே என்று. இரண்டு நிமிஷம் கழித்து, சொன்னால் உன் குரோமோசோமை எண்ணுவார்களே, அதில் அறுந்து முடிச்சுப்போட்டுக் கிடப்பதெல்லாம் தெரிந்துவிடுமே, அப்புறம் நீயும் இந்த ஹாலில் ஒரு நம்பர்தானே என்கிற நடுக்கம். அப்போது சொல்லாமலிருப்பது தங்கைக்காக என்று ஆகிவிடும், அவளுக்குத்தான் நாள் இல்லையே என்று. எந்தப் பக்கம் புரண்டாலும் பாசத்தின் போர்வை மேலே வந்து விழுந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே, அவன் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும் ஆழத்தில், அசிங்கமாக ஒன்று கிடந்தது. அவளுக்கு வந்தது நல்லது. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் என்று ஏதாவது கணக்கிருந்தால், அது அவளோடு போயிற்று. அந்த எண்ணத்துக்குச் சாக்பீஸ் வட்டம் போட எத்தனையோ தடவை முயன்றிருக்கிறான், வட்டத்துக்கு வெளியே அது பிரிந்து பிரிந்து முளைத்துக்கொண்டேயிருக்கிறது.

"அறுபத்தொண்ணு, வளர்மதி!" நர்ஸ் கூப்பிட்டாள். வளர்மதி எழுந்தாள், தள்ளாடினாள், அவன் தோளைப் பிடிக்காமல் வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள், மடக்கி வைத்திருந்ததைப் பிரித்து, அந்தச் சிரட்டை நகத்தின் மேல் தன் விரலை வைத்து அழுத்தி. அவளுக்குத் தெரியும். பிரியாணி இல்லை என்று ஆறு வருஷமாகத் தெரியும். உள்ளே டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினார், விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. "பரவாயில்லையே. இத்தனை வருஷம் இந்த வேலையில இருந்துட்டு இவ்வளவு சுத்தமா ஒரு ரெக்கார்டு நான் பார்த்ததில்ல. ரத்தமும் நல்லாத்தான் இருக்கு." மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வேலை நேரத்துல பேட்ஜ் எப்பவும் உடம்புலதானே இருந்துச்சு?" ஆமா. அந்த ஒரு சொல்லை லாட்ஜிலிருந்து வாய்க்குள் மிட்டாய்போல அடக்கிக்கொண்டு வந்திருந்தான். ஆமா, என்று சொல்ல வாயைத் திறந்தான். பத்தொன்பது வருஷம் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய நாக்கு அது, அருள்ராஜ் அண்ணன் கேட்பதாக நினைத்துக்கொண்டதோ, இல்லை வேறு யாராவது உள்ளேயிருந்து அதைத் தள்ளினார்களோ. "தூங்கிட்டு இருந்துச்சுங்க டாக்டர்" என்றான்.

வளர்மதியின் விரல் நகத்தின் மேல் அப்படியே உறைந்தது. சொல்லிவிட்டோம், உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி நடப்பது நடக்கட்டும் என்று நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்த லேசு. டாக்டரம்மா அவனை உற்றுப் பார்த்தார், சிவந்த கண்ணை, தொங்கிய இமையை, முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது. "நைட் ஷிஃப்ட்ல நீங்க தூங்குனா பேட்ஜும் கூடச் சேர்ந்து தூங்கிடுமா? நல்ல ஆளுய்யா நீங்க." நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கலியபெருமாளும் சிரித்தான். இல்லைங்க டாக்டர், நான் சொன்னது அது இல்லை. வாசகம் முழுசாகத் தயாராக இருந்தது, எழுத்துப்பிழைகூட இல்லாமல், சிரிப்பை நிறுத்தினால் போதும், அது வெளியே வந்துவிடும். நிறுத்தவில்லை. சொன்னேனே, அவர்களுக்குப் புரியாவிட்டால் நான் என்ன செய்ய. கடைசியாகச் சிரிக்க ஆரம்பித்த வளர்மதிதான் ரொம்ப நேரம் சிரித்தாள், ஈறில் ரத்தம் கசிகிற வரைக்கும். டாக்டரம்மா டிக் அடித்தார், கையெழுத்து வாங்கினார், அடுத்த வியாழக்கிழமை படுக்கை என்று எழுதினார்.

வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் ஃபைலைப் பிடுங்கி அந்தக் காகிதத்தை மட்டும் உருவி, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "குடு. இது என்னோடதுதானே." பிறகு குரலைத் தாழ்த்தி, வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிப்புட்டியே பாவி. நல்லவேளை, அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியல" என்றாள். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. எட்டு அடி. அறுபத்திரண்டு இன்னும் உள்ளே போகவில்லை, அந்த ஆள் குனிந்து செருப்பை ஓரமாகக் கழற்றிக்கொண்டிருந்தான், எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். எழுந்துவிட்டதாகவே கலியபெருமாளுக்குத் தோன்றியது, கதவைத் தள்ளுவதும், பேட்ஜ் வெந்தய டப்பாவுல இருந்துச்சு டாக்டர் என்று தன் குரலே கேட்பதும், ஆனால் தலை சுவரில் சாய்ந்திருந்தது, கதவு மூடிக்கொண்ட சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்டது. "யாருங்க அது, இங்க படுத்துத் தூங்கக் கூடாது, எழுப்புங்க" என்று நர்ஸ் அதட்டினாள். "விடுங்கம்மா, நைட் ஷிஃப்ட்டு. தூங்கட்டும்" என்றது தங்கையின் குரல். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள் போலிருக்கிறது, அது அவன் முகத்தின் மேல் வந்து விழுந்தது, பூப்பூவாக இருட்டு, அதற்குள் லேசாக வெந்தய வாசம். ஓரங்களை அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அழுத்திச் செருகின, டப்பாவின் மூடியை அழுத்துவதுபோல, நிதானமாக, காற்றுப் புகாமல்.